லைஃப் ஆஃப் பிரையன்: கேலி யார் மேல்? பார்த்தவர்கள் பேசலாம்

#1 வைகைக்கரை

மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1979இல் எடுத்த 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துக்கு இங்கே இதுவரை தனி இழை இல்லை. மதவெறியைப் பகடி செய்த படங்கள் என்று பேச்சு வந்தாலே இந்தப் பெயர் அடிபடும். கூடவே "இயேசுவைக் கிண்டலடித்த படம்தானே" என்று ஒருவராவது எழுதிவிடுவார். முழுப் படத்தையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. அதைப் பேசத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. இயேசு பிறந்த அதே இரவில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்தவன் பிரையன். குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகள் மூவரும் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளத்தோடு முதலில் இவன் தொழுவத்துக்குள்தான் நுழைகிறார்கள். காணிக்கை வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த பிறகு, அடுத்த தொழுவத்தில் ஒளி தெரிகிறது. உடனே திரும்பி வந்து, பிரையனின் அம்மா கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

அப்புறம் மலைப்பிரசங்கம். இயேசுவாக வருபவர் கென்னத் கோலி. அவர் பேசுவதில் ஒரு சொல்லைக்கூடப் படம் கேலி செய்யவில்லை. கேமரா மெல்லப் பின்வாங்கி, கூட்டத்தின் கடைசியில் நிற்பவர்களிடம் வருகிறது. அங்கே ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்றது அவர்களுக்குப் பாலாடைக்கட்டி செய்கிறவர்களைப் பற்றியது போலக் கேட்கிறது. அவர்களுக்கு மட்டும் என்ன விசேஷம் என்று ஒருத்தி கேட்கிறாள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பால் பொருள் தயாரிக்கிற எல்லாரையும் குறிக்கும் என்று கணவர் வியாக்கியானம் சொல்கிறார். இன்னொரு பக்கம் யாரோ ஒருவரின் மூக்கு பெரிது என்று தொடங்கிய பேச்சு அடிதடியில் முடிகிறது.

மேடையில் பேசுபவர் மேல் எந்தக் குறையும் இல்லை. கேட்கிறவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதுதான் படம் முழுக்க வருகிற விஷயம். உங்களுக்கு எப்படித் தோன்றியது?

#2 பாளைவாசி

வைகைக்கரை அண்ணே, நான் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன். இன்றைக்கும் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவன். அதனால் என் பார்வை வேறு.

மலைப்பிரசங்கக் காட்சி எனக்கு உறுத்தவில்லை. பிரசங்கத்தைத் தங்கள் வசதிக்கு வளைத்துப் பொருள் சொல்கிறவர்களை எல்லாச் சபையிலும் பார்த்தாயிற்று. எனக்கு ஆகாதது கடைசிக் காட்சி. வரிசையாகச் சிலுவையில் கட்டப்பட்டவர்கள் விசிலடித்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, வாழ்க்கையின் நல்ல பக்கத்தைப் பார் என்று பாடுகிறார்கள். பெரிய வெள்ளியன்று மதியம் 12 முதல் 3 மணி வரை உட்கார்ந்து சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானித்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே தொங்குவது இயேசு இல்லை, பிரையன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? சிலுவை என்றால் உலகத்தில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வரும். அது படம் எடுத்தவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்கிறவனை "உனக்கு நகைச்சுவை புரியவில்லை" என்று ஒதுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

#3 லண்டன்வாசி

பாளைவாசி தம்பி சொல்லும் வலி அன்றைக்கு இங்கே ஊர் ஊராகக் கிளம்பியது. பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் படத்துக்குப் பணம் போட இருந்தது இஎம்ஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனம். படப்பிடிப்புக் குழு துனிசியாவுக்குக் கிளம்ப இருந்த கடைசி நேரத்தில் அதன் தலைவர் பெர்னார்ட் டெல்ஃபான்ட் கதையைப் படித்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன்தான் வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டினார். ஏன் என்று கேட்டால், இந்தப் படத்தைப் பார்க்க ஆசை என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இத்தாலிய இயக்குநர் செஃபிரெல்லி இயேசுவின் வாழ்க்கையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது துனிசியாவின் மொனாஸ்டிரில் போட்ட செட்டுகளையும் இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1979 நவம்பரில் பிரிட்டனில் படம் வந்தது. தணிக்கை வாரியம் 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம் என்று 'ஏஏ' சான்றிதழ் கொடுத்தது. ஆனால் இங்கே திரையரங்குகளுக்கு உரிமம் தருவது உள்ளூர் கவுன்சில்கள். வாரியம் அனுமதித்தாலும் கவுன்சில் மறுக்கலாம். 39 கவுன்சில்கள் நேரடியாகத் தடை போட்டன, அல்லது வயதுவந்தோருக்கு மட்டுமான 'எக்ஸ்' சான்றிதழ் கேட்டு மறைமுகமாகத் தடுத்தன. இதில் சில கவுன்சில்களின் எல்லைக்குள் திரையரங்கே கிடையாது! அயர்லாந்தில் 1987 வரை தடை. நார்வேயிலும் சுமார் ஒரு வருடம் தடை இருந்தது. பக்கத்து நாடான சுவீடனில், நார்வே தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் என்றே விளம்பரம் செய்தார்கள்.

எல்லாரும் தேடிப் பார்க்க வேண்டியது 1979 நவம்பர் 9 அன்று பிபிசி 2இல் நடந்த விவாதம். ஒரு பக்கம் மான்டி பைதான் குழுவின் ஜான் கிளீஸ், மைக்கேல் பேலின். மறுபக்கம் சவுத்வார்க் பிஷப் மெர்வின் ஸ்டாக்வுட், எழுத்தாளர் மால்கம் மகரிட்ஜ். மகரிட்ஜ் இளம் வயதில் கேரளத்தில் ஆலுவாயில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். அன்னை தெரசாவைப் பற்றிய ஆவணப்படத்தால் மேற்கு நாடுகளுக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தவரும் அவரே. லேசான ஆள் இல்லை. அப்படிப்பட்டவர், பிஷப்போடு சேர்ந்து திரையிடலுக்குத் தாமதமாக வந்து, முதல் கால் மணி நேரத்தைப் பார்க்காமலேயே விவாதத்தில் உட்கார்ந்தார். பிரையன் வேறு, இயேசு வேறு என்பதைத் தெளிவாகக் காட்டுகிற தொழுவக் காட்சியும் மலைப்பிரசங்கமும் வருவதே அந்தக் கால் மணி நேரத்தில்தான். கடைசியில் பிஷப், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குக் கிடைத்தது போல உங்களுக்கும் உங்கள் முப்பது வெள்ளிக்காசு கிடைத்துவிடும் என்ற பொருளில் சொன்னபோது பேலின் முகத்தைப் பாருங்கள். சாந்தமான மனிதர் என்று பெயரெடுத்தவர், அடிபட்டது போல உட்கார்ந்திருப்பார்.

#4 கொட்டகைப்பிரியன்

எனக்குப் படம் ஒட்டவில்லை. துண்டு துண்டான நாடகங்களைக் கோத்தது போல இருக்கிறது. நடுவில் விண்வெளிக் கப்பல் வந்து பிரையனைத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் எதற்கு? அரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை ஒன்றரை மணி நேரம் இழுத்திருக்கிறார்கள்.

#5 வைகைக்கரை

கொட்டகைப்பிரியன், விண்வெளிக் காட்சி எனக்கும் தேவையில்லாத சேர்க்கைதான். ஆனால் படத்தின் நடுப்பகுதியை, பிரையன் மேல் கூட்டம் வந்து ஒட்டிக்கொள்கிற அந்தப் பத்து இருபது நிமிடத்தை, இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். மதவெறி எப்படிப் பிறக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு சினிமாவை நான் பார்த்ததில்லை.

ரோமானியச் சிப்பாய்களிடமிருந்து தப்பி ஓடும் பிரையன், தெருவில் வரிசையாக நின்று தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நடுவே வந்து விழுகிறான். சிப்பாய்கள் பார்க்கிறார்கள், ஏதாவது பேசியாக வேண்டும். மலைப்பிரசங்கத்தில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை உளறுகிறான். நின்று கேட்பவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள். ஒருவருக்கும் அவன் மேல் மதிப்பு இல்லை. சிப்பாய்கள் போனதும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு இறங்குகிறான். அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. அந்த மீதி வாக்கியம் என்ன? ஏன் சொல்ல மாட்டேன் என்கிறான்? அப்படியானால் ஏதோ ரகசியம் இருக்கிறது! அவன் பேசியபோது நம்பாதவர்கள், அவன் பேச மறுத்ததும் நம்பத் தொடங்குகிறார்கள்.

அவன் கையில் ஒரு சுரைக்குடுக்கை. சந்தையில் தாடி வாங்கியபோது வியாபாரி இனாமாகத் தலையில் கட்டியது. அது உடனே எருசலேமின் புனிதக் குடுக்கை ஆகிவிடுகிறது. ஓடும்போது ஒரு செருப்பு கழன்று விழுகிறது. அதுதான் அடையாளம் என்கிறான் ஒருவன். அவரைப் போல நாமும் ஒரு செருப்பைக் கையில் பிடித்து, ஒரு செருப்போடு நடக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, செருப்புகளைச் சேகரிக்கச் சொல்கிறார் என்று இன்னொரு கட்சி. குடுக்கையைப் பின்பற்றுங்கள் என்று ஒரு பெண் கத்துகிறாள். குரு இன்னும் அடுத்த தெருமுனையைத் தாண்டவில்லை, அதற்குள் மூன்று சபை. நில்லுங்கள், ஜெபிப்போம் என்று ஒரே ஒரு கிழவர் சொல்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். அந்தக் கிழவராக வருபவர் நகைச்சுவை நடிகர் ஸ்பைக் மில்லிகன், நம் அகமத்நகரில் பிறந்தவர். விடுமுறைக்குத் துனிசியா வந்திருந்தவரைப் பிடித்து நடிக்க வைத்தார்கள்.

அடுத்தது குழிக்குள் இருக்கும் துறவி. 18 வருடமாக மௌன விரதம். பிரையன் குழிக்குள் குதித்து அவர் காலை மிதித்துவிட, வலியில் கத்தி விரதம் போய்விடுகிறது. துரத்தி வந்த கூட்டத்துக்குப் பசி. பிரையன் எரிச்சலோடு செடியைக் காட்டினால், அவர் சொன்னதும் செடி பழுத்துவிட்டது, அற்புதம் என்கிறார்கள். துறவியின் ஒரே சாப்பாடு அந்தப் பழங்கள். என் பழத்தைத் தின்கிறார்களே என்று கதறுகிறார். நான் மெசியா (யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர்) இல்லை என்று பிரையன் சொன்னால், உண்மையான மெசியாதான் அப்படி மறுப்பார் என்று பதில் வருகிறது. இவர் மெசியா என்று நான் நம்பவில்லை என்று துறவி சொன்ன அந்த நொடியில், அவிசுவாசி, கொல்லுங்கள் என்று அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிரையன் தடுத்தும் யாரும் கேட்கவில்லை. யாரை ஆண்டவர் என்று சொல்கிறார்களோ அவர் பேச்சையே கேட்காமல், அவர் பெயரில் ஒருவரை அடிக்கக் கிளம்புகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்த்த எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது.

#6 செங்காந்தள்

எல்லாரும் மதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். படத்தில் அதே அளவு அடி வாங்குவது புரட்சிக் குழுக்கள். ரோமானிய ஆட்சியை எதிர்க்கும் 'யூதேயா மக்கள் முன்னணி'க்கு ரோமானியர்களை விடப் பெரிய எதிரி 'யூதேய மக்களின் முன்னணி'. பிலாத்துவின் மனைவியைக் கடத்தப் போன இடத்தில் இதே வேலைக்கு வந்த இன்னொரு குழுவைச் சந்திக்கிறார்கள். அங்கேயே ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். பொது எதிரிக்கு எதிராக ஒன்று சேருங்கள் என்று பிரையன் கெஞ்சினால், அந்தப் பொது எதிரி யார் என்பதிலும் அவர்களுக்குச் சண்டைக்காரக் குழுவின் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது.

1970களின் பிரிட்டிஷ் இடதுசாரிக் குழுக்களைப் பற்றிய கேலி இது. இடதுசாரி இயக்கத்தில் இருக்கும் எனக்கு இது வலிக்கிறது, உண்மையாக இருப்பதால் வலிக்கிறது. ரோமானியர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று முன்னணியின் தலைவன் ரெஜ் கேட்க, கால்வாய், சாக்கடை, சாலை, மருத்துவம், கல்வி, திராட்சை ரசம் என்று ஒவ்வொருவராக எடுத்துக் கொடுக்கும் காட்சியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நம் நாட்டிலும் ரயில் விட்டான், பள்ளிக்கூடம் கட்டினான் என்று வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் பலர். லண்டன்காரர்கள் எழுதும்போது அந்தக் காட்சியின் தொனி எனக்கு நெருடுகிறது. கேலி கேள்வி கேட்டவன் மேல் மட்டுமே விழுகிறது, கால்வாய் வெட்டியவன் மேல் விழவில்லை.

#7 மலர்விழி

செங்காந்தள் தோழர், கால்வாய் வெட்டியவர்களும் தப்பவில்லை. சிலுவைக்கு ஆட்களை அனுப்பும் ரோமானிய அதிகாரியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேலின்தான் நடித்திருப்பார். ஒவ்வொருவரிடமும் "சிலுவையா? நல்லது. இடது பக்க வரிசை, ஆளுக்கு ஒரு சிலுவை" என்று மிகக் கனிவாகச் சொல்லிக் கணக்கெழுதுவார். பேரரசின் கொடுமையை அதைவிடக் குளிராகக் காட்ட முடியாது.

நான் கல்லெறிக் காட்சியைப் பற்றிச் சொல்ல வந்தேன். இரவுச் சாப்பாட்டு மீன் கடவுளான யெகோவாவுக்கே படைக்கலாம் போல இருக்கிறது என்று மனைவியிடம் சொன்ன கிழவருக்கு மரண தண்டனை. மனைவியின் சமையலைப் பாராட்டியதுதான் தேவதூஷணம், அதாவது தெய்வ நிந்தை! கல்லெறியப் பெண்கள் வரக் கூடாது என்று சட்டம். அதனால் வந்திருப்பவர்கள் எல்லாரும் பொய்த்தாடி ஒட்டிய பெண்கள். சட்டத்தால் ஒதுக்கப்பட்டவர்களே அந்தச் சட்டம் தரும் கொலையில் பங்கு கேட்டு, கல்லைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். குற்றச்சாட்டைப் படிக்கும் அதிகாரியே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதும் அவர் மேலும் கல் விழுகிறது.

லொரெட்டா காட்சி மட்டும் எனக்கு இன்று ஒட்டவில்லை. முன்னணியைச் சேர்ந்த ஸ்டான் தன்னை லொரெட்டா என்று பெண்ணாக அழைக்கச் சொல்லும்போது அவரை ஓர் அபத்தமாக வைத்துத்தான் சிரிப்பு வரவழைக்கிறார்கள். 2023இல் மேடை நாடகத்துக்கான பேச்சு வந்தபோதும் அந்தக் காட்சியை நீக்க மாட்டேன் என்று கிளீஸ் சொன்னார். அது அவர் உரிமை. மற்ற இடங்களில் பலமுள்ளவர்களைப் பார்த்துச் சிரித்த படம் இங்கே மட்டும் திசை மாறிவிட்டது என்று சொல்வது என் உரிமை.

#8 பாளைவாசி

துறவி காட்சி பற்றி அண்ணன் எழுதியதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். "என்னை நோக்கி: கர்த்தாவே! கர்த்தாவே! என்று சொல்லுகிறவன் எல்லாரும் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதில்லை" என்று அதே மலைப்பிரசங்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. பிரிட்டனில் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்தவத்தைக் கேலி செய்வதில் என்ன துணிச்சல் இருக்கிறது? திருப்பி அடிக்காத மதம் என்பதால்தானே கை வைத்தார்கள்?

#9 லண்டன்வாசி

தம்பி, 1979இல் நிலைமை நேர் தலைகீழ். அன்றைய இங்கிலாந்தில் தேவதூஷணச் சட்டம் உயிரோடு இருந்தது. அது பாதுகாத்ததும் கிறிஸ்தவத்தை மட்டும்தான். இரண்டே வருடம் முன்பு, 1977இல், ஒழுக்கப் பிரசாரகர் மேரி வைட்ஹவுஸ் தொடுத்த வழக்கில் 'கே நியூஸ்' பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு கவிதையை வெளியிட்டதற்காக ஒன்பது மாதச் சிறை விதித்து, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அதே வைட்ஹவுஸ் அம்மையாரின் ஆட்கள்தான் இந்தப் படத்துக்கு எதிராகவும் கிளம்பினார்கள். வேறு எந்த மதத்தைக் கேலி செய்திருந்தாலும் இந்தச் சட்டம் பாய்ந்திருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது நீக்கப்பட்டது 2008இல்தான்.

இன்னொன்று. கிறிஸ்துவையே கதாநாயகனாக வைத்துக் கேலி செய்யலாம் என்ற எண்ணத்தோடுதான் முதலில் தொடங்கினார்கள். சுவிசேஷங்களைப் படித்துப் பார்த்த பிறகு அவர் பேச்சில் கேலி செய்ய ஒன்றுமில்லை, நல்ல விஷயங்களைத்தான் சொல்கிறார் என்று கைவிட்டதாக எரிக் ஐடில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் பிரையன் என்ற ஆளே வந்தான். 2014இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேதாகம அறிஞர்கள் கூடி இந்தப் படத்தை வைத்து ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள். பங்கேற்றவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பர்ரிட்ஜ் ஆங்கிலிக்கன் குருவானவர். அன்றைய யூதேயாவில் எத்தனை பேர் மெசியா என்று கிளம்பினார்கள், ரோமானியர்கள் எப்படிச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதையெல்லாம் படத்தின் காட்சிகளை எடுத்துப் போட்டு விவாதித்தார்கள். கிளீஸும் படத்தின் இயக்குநர் டெர்ரி ஜோன்ஸும் வந்திருந்தார்கள்.

#10 வைகைக்கரை

பாளைவாசி, உங்கள் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பிரையன் தொங்கிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொருவராக வருகிறார்கள். யூதேயா மக்கள் முன்னணி வந்து, அவன் தியாகத்தைப் பாராட்டி ஓர் அறிக்கை வாசித்துவிட்டுப் போய்விடுகிறது. இறக்கிவிட ஒரு கை நீளவில்லை. காதலி வந்து, நீ எங்களுக்காகச் சாவது பெருமை என்கிறாள். அம்மா வந்து திட்டிவிட்டுப் போகிறாள். விடுதலை உத்தரவோடு ரோமானிய அதிகாரி வந்து யார் பிரையன் என்று கேட்டால், வேடிக்கைக்காக நான்தான் என்றவனை இறக்கிவிடுகிறார்கள். மெசியா என்று துரத்திய கூட்டத்தைக் காணவே காணோம். அவனுக்காகவே அவன் வேண்டும் என்று வந்தவர் ஒருவர்கூட இல்லை, ஆளாளுக்கு ஒரு தியாகி வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் பக்கத்துச் சிலுவையில் தொங்குகிற முன்பின் தெரியாத ஒருவன், மனசை விடாதே என்று பாட ஆரம்பிக்கிறான். அந்தச் சிலுவைகளில் தொங்குகிறவர்கள் பேர் தெரியாத சாதாரணக் கைதிகள். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைக் கலகத்துக்குப் பிறகு ஆப்பியன் சாலை நெடுகிலும் 6000 பேரை ரோமானியர்கள் இப்படி அறைந்தார்கள். அவர்களுக்காக எந்தக் கோயிலிலும் மணி அடிப்பதில்லை.

அந்தப் பாட்டை மக்கள் எங்கே எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதும் எனக்கு முக்கியம். 1982 ஃபாக்லாந்து போரில் ஏவுகணை தாக்கி எரிந்துகொண்டிருந்த பிரிட்டனின் ஷெஃபீல்ட் போர்க்கப்பலின் மாலுமிகள், மீட்பு வரும்வரை இதைத்தான் பாடினார்கள். பிரையனாக நடித்த கிரகாம் சாப்மன் 1989இல் புற்றுநோயில் இறந்தபோது, நினைவுக் கூட்டத்தில் நண்பர்கள் எழுந்து நின்று இதையே பாடினார்கள். இங்கிலாந்தில் இன்று இறுதிச் சடங்குகளில் அதிகம் கேட்கிற பாட்டுகளில் இது ஒன்று.

#11 கொட்டகைப்பிரியன்

துறவி காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தப் பகுதி வலுவானதுதான். முழுப் படமும் அந்த இறுக்கத்தில் இருந்திருந்தால் நானும் உங்கள் கட்சி.

#12 பாளைவாசி

அண்ணே, நீங்கள் சொன்ன வரிசையில் காட்சியைப் புரிந்துகொள்கிறேன். கைவிடப்பட்டவன், பக்கத்துச் சிலுவையிலிருந்து ஒரு குரல், இதெல்லாம் இயேசுவின் சிலுவை மரணத்தைச் சொல்லும் லூக்கா 23ஐ வாசித்தவனுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனாலும் எனக்கு அந்த விசில் ஆகாது. சாகப்போகிறவன் மனசைத் தேற்றிக்கொள்ளப் பாடுவது வேறு. பார்க்கிறவன் கைதட்டிக்கொண்டு வெளியே போகும்படி அதை மெட்டாக்கித் தருவது வேறு. இந்த விஷயத்தில் நான் பிஷப் ஸ்டாக்வுட் பக்கம்தான், அவர் தாமதமாக வந்ததையும் முப்பது வெள்ளிக்காசு பேச்சையும் தவிர.

ஆனால் குடுக்கை, செருப்பு, துறவி, இந்த மூன்றையும் எங்கள் வாலிபர் கூட்டத்தில் போட்டுக் காட்ட எனக்கு ஆசை. ஒரு சின்ன கருத்து வேறுபாட்டுக்காகப் பக்கத்துத் தெருவில் தனிச் சபை தொடங்கி, பழைய சபையோடு பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் ஐயரிடம் (சபைக் குருவானவரிடம்) கேட்டேன். முதலில் நான் பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றார். எதிலிருந்து எதுவரை போட்டால் பிரச்சினை வராது?

#13 லண்டன்வாசி

சிப்பாய்களிடமிருந்து தப்பித் தீர்க்கதரிசிகள் நடுவே விழும் இடத்தில் தொடங்குங்கள். துறவியைத் தூக்கிக்கொண்டு போனதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு அடுத்த காலையில் பிரையன் துணியில்லாமல் சன்னலைத் திறப்பான், அதைக் கூட்டத்தில் போட முடியாது. "நீங்கள் எல்லாரும் தனித்தனி மனிதர்கள்" என்று அவன் சொல்ல, "ஆமாம், நாங்கள் எல்லாரும் தனித்தனி மனிதர்கள்" என்று ஆயிரம் பேர் ஒரே குரலில் சொல்லும் இடம் அங்கேதான் வருகிறது. அதை வாயால் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துறவியும் குழிக்குள் துணியில்லாமல்தான் இருப்பார், தாடி நீளம் என்றாலும். கூட்டத்தை விரட்டப் பிரையன் சொல்லும் ஒரு கெட்ட வார்த்தையும் அந்தப் பகுதியில் இருக்கிறது. எப்படிப் போக வேண்டும் ஆண்டவரே என்று கூட்டம் திருப்பிக் கேட்பதுதான் அந்தக் காட்சியின் உயிர், அதனால் வெட்டவும் முடியாது. ஐயர் முதலில் தனியாகப் பார்க்கட்டும். மலைப்பிரசங்கக் காட்சியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.